சின்னக் கேள்விகள் – 14: ரிச்சர்ட்சனின் கவராயம்

போன வாரக் கணக்கு நினைவிருக்கும். இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கி.மீ. என்று பள்ளியில் படித்தோம். இப்போது அரசின் கணக்கு 11,098 கி.மீ. தமிழ்நாட்டுக்கு மட்டும் 906 கி.மீ. 1,068 ஆகிவிட்டது. பழைய வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 45 கி.மீ.; புதியதில் இரண்டரை கி.மீ. முன்பு நேர்கோடாகத் தெரிந்த இடங்களில் கழிமுகங்களும் வளைவுகளும் தலைகாட்டிவிட்டன.

இதற்குப் பின்னால் உள்ள கணிதத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை முதலில் தொட்ட லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனைப் படிக்கப் போனேன். அவரை விட்டு நகர மனம் வரவில்லை.

இங்கிலாந்துக்காரர். போரே கூடாது என்று நம்பும் குவேக்கர் குடும்பம். முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, பிரான்சின் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கியதுபோக மிஞ்சிய நேரத்தில், வானிலையைக் கணக்குப் போட்டே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கையாலேயே போட்டுப் பார்த்தார். 1917இல் அந்தக் கையெழுத்துப் படி தொலைந்துபோனது. சில மாதங்கள் கழித்து ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது! இன்று கணினிகள் வானிலையைக் கணிக்கும் முறைக்கு வித்து அதில்தான் இருக்கிறது. 1920இல் பிரிட்டிஷ் வானிலைத் துறை விமானப் படையைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கீழ் போனதும், அங்கே பார்த்துவந்த வேலையை உதறிவிட்டார்.

பிறகு அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி, நாடுகள் ஏன் போரிடுகின்றன என்பது. பொது எல்லை நீண்டிருந்தால் சண்டை கூடுமா? அதைச் சோதிக்க எல்லைகளின் நீளம் வேண்டும். புத்தகத்தைப் புரட்டினால் கிடைத்துவிடும் விவரம்தானே! ஆனால் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடைப்பட்ட ஒரே எல்லை, ஒரு கணக்கில் 987 கி.மீ., இன்னொரு கணக்கில் 1,214 கி.மீ. நெதர்லாந்து–பெல்ஜியம் எல்லைக்கும் 380, 449 என்று இரண்டு விடைகள். வேறொருவர் என்றால் அச்சுப் பிழை என்று தள்ளியிருப்பார். ரிச்சர்ட்சன் கவராயத்தை எடுத்து வரைபடத்தின் மேல் அடியடியாக நடத்தினார். வட்டத்தின் மேல் நடத்தியபோது, அடியைக் குறுக்கக் குறுக்க நீளம் ஓர் எண்ணில் வந்து நின்றது. பிரிட்டனின் மேற்குக் கரையில் அது நிற்கவே இல்லை, வளர்ந்துகொண்டே போனது. ‘எவ்வளவு நீளம்?’ என்று கேட்டால் போதாது, எந்தக் கோலால் என்றும் சொல்லியாக வேண்டும். ரோந்துப் படகுக்கு ஒரு நீளம் சரி. மண் அரிப்பால் வீட்டை இழக்கும் மீனவருக்கு அது உதவாது.

ரிச்சர்ட்சன் 1953இல் காலமானார். இந்த ஆய்வு அச்சேறியது 1961இல். அப்போதும் கவனித்தவர்கள் மிகக் குறைவு. கணிதவியலாளர் பெனுவா மேண்டல்பிரோட் அதைக் கையில் எடுத்து, 1967இல் பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்பதையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். கோட்டுக்குப் பரிமாணம் 1, பரப்புக்கு 2. பிரிட்டனின் மேற்குக் கரைக்கு அவர் சொன்னது 1.25. அந்தக் கால் எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.