வெண்மையும் ஒளியும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கன்னட நாட்டின் எல்லையை அடுத்து, மலைகளுக்கும் காடுகளுக்கும் நடுவே அமைந்த ஊர் அஞ்செட்டி. தேன்கனிக்கோட்டையிலிருந்து இவ்வூருக்கு வரும் சாலை காட்டினூடே வளைந்து வளைந்து செல்வது. 2014ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இச்சுற்றுப்புறத்தைச் சார்ந்ததே. யானைகள் சாலையைக் கடப்பது இங்குப் புதுமையன்று. ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளைஞர் சிலர் மோட்டார் சைக்கிளில் இச்சாலை வழியே இரவில் ஊர் திரும்புகின்றனர். வண்டியின் முகப்பு விளக்கு ஒன்றே அவர்களுக்குத் துணை.

அது மங்கலாக இருப்பின், உதிரிப்பொருள் கடைக்குச் சென்று, ‘வெள்ளை வெளேரென்று எரியும் விளக்கு வேண்டும்’ என்று கேட்கின்றனர். நல்ல ஒளியை விரும்புவது முறையே. ஆயினும் வெண்மை வேறு. ஒளியின் மிகுதி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பொருளை இழப்பவர் பலர்.

ஒளியின் நிறம் எவ்வாறு அமைகின்றது? கொல்லன் உலையில் இட்ட இரும்பைப் பாருங்கள். முதலில் செந்நிறமாகவும், சூடு ஏற ஏற மஞ்சள் நிறமாகவும், பின்னர் வெண்மையை நோக்கியும் அது மாறுகின்றது. மின்விளக்கினுள் இருக்கும் டங்ஸ்டன் இழையும் அத்தகையதே. அதன் நிறத்தைக் கெல்வின் என்னும் வெப்ப அளவால் குறிப்பர். பழைய விளக்கின் ஒளி ஏறத்தாழ 2,800 கெல்வின். ஆதலின் மஞ்சள் நிறம். நண்பகல் வெயிலோ 5,500 கெல்வினை ஒட்டியது. இழையை மேலும் சூடாக்கினால் வெண்மை கூடும். ஆனால் டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடிக் குமிழில் கரியெனப் படியும். இழை விரைவில் அற்றுப்போகும்.

இவ்விடரை நீக்க வந்ததே ஹாலஜன் விளக்கு. குமிழினுள் சிறிதளவு அயோடின் அல்லது புரோமின் ஆவி அடைக்கப்படுகின்றது. அவ்வாவி, பறந்து செல்லும் டங்ஸ்டனைப் பற்றி மீண்டும் இழையிலேயே கொண்டுவந்து சேர்க்கின்றது. தப்பி ஓடிய கன்றைத் தொழுவத்திற்கு ஓட்டி வருவது போன்ற வேலை இது. இதனால் இழை 3,200 கெல்வின் வரை எரிந்தும் நெடுநாள் நிற்கின்றது. 1962ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் இவ்வகை விளக்கு மோட்டார் வண்டிகளுக்கு வந்தது. நம் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் உள்ள 35 வாட் விளக்கு இதன் வழித்தோன்றலே. இதை மாற்றும்போது குமிழை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகச் சூடேறி, குமிழ் வெடிப்புறும்.

இனிக் கடைக்காரர் காட்டும் நீல நிறக் குமிழுக்கு வருவோம். ‘இது 5,000 கெல்வின்’ என்பார். உள்ளிருப்பது அதே டங்ஸ்டன் இழைதான். மேலே பூசிய நீலப்பூச்சு ஒளியில் உள்ள மஞ்சளையும் சிவப்பையும் தடுத்து நிறுத்திவிடுகின்றது. எஞ்சியது வெண்மையாகத் தோன்றுகின்றது. அஃதாவது, விளக்குத் தந்த ஒளியில் ஒரு பங்கைத் தடுத்துவிட்டு மிச்சத்தை நமக்கு விற்கின்றனர். பார்ப்பதற்கு அழகு, சாலையில் விழும் ஒளியோ முன்னைவிடக் குறைவு.

சரி, ஒளியையே மிகுப்போம் எனின், அதற்கும் ஓர் எல்லை உண்டு. தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது இயற்கை விதி. 35 வாட் ஹாலஜன் விளக்கின் நெடுவீச்சு ஏறத்தாழ 825 லூமென் ஒளி தரும். 60 வாட் விளக்கு 1,650 லூமென் தரும். ஒளி இருமடங்காயிற்று; கண் காணும் தொலைவோ ஏறத்தாழ 1.4 மடங்கே ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்பவர் ஒரு பொருளைக் கண்டு, உணர்ந்து, தடையை அழுத்தி நிறுத்துவதற்குள் வண்டி 50 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 40 கிலோமீட்டர் விரைவெனின் 30 மீட்டர் போதும். காட்டுச்சாலையில் கருநிற யானை ஒளியைத் திருப்பித் தருவது மிகச் சிறிதே. ஆதலின் விரைவைக் குறைப்பது, எந்த விளக்கையும்விட மிகுந்த தொலைவைப் பெற்றுத் தரும்.

புதிய விளக்கு வாங்குமுன், உள்ள விளக்குக்கு உரிய மின்சாரம் முழுவதும் சென்று சேர்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். இதனைப் பலரும் பார்ப்பதில்லை. மெல்லிய கம்பி, துருவேறிய இணைப்பு, தேய்ந்த சாவி ஆகியவை வழியில் மின்னழுத்தத்தை உண்டுவிடுகின்றன. 12 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 10.8 வோல்ட் சென்றால், குறைந்தது பத்தில் ஒரு பங்கே. ஆனால் ஒளி பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும்! நிறமும் மஞ்சளாகும். தடித்த கம்பியைப் பேட்டரியிலிருந்து நேரே விளக்குக்கு இழுத்து, நடுவில் ரிலே என்னும் கருவியைப் பொருத்தினால், இழந்த ஒளியும் வெண்மையும் ஒருங்கே மீளும். செலவும் சிறிது. புழுதி படிந்த முகப்புக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைப்பதற்கோ செலவே இல்லை.

பழைய வண்டிகள் சிலவற்றில் விளக்குக்குப் பேட்டரியின் தொடர்பு கிடையாது. எந்திரத்திலுள்ள சுருளிலிருந்தே மின்சாரம் வரும். அவற்றில் எந்திரம் விரைந்து சுழன்றால் விளக்குச் சுடர்விடும், தளர்ந்தால் மங்கும். கொண்டையூசி வளைவில், வண்டி ஊர்ந்து திரும்பும் அந்த நொடியில், ஒளி மிக வேண்டிய இடத்திலேயே அது கண்மூடுகின்றது. இத்தகைய வண்டிக்கு எத்தனை உயர்ந்த குமிழும் பயன்தராது. மின்வழியையே தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு மாற்ற வேண்டும். 100 வாட் குமிழைப் பொருத்துவோரும் உளர். அது 8 ஆம்பியருக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும். 3 ஆம்பியருக்கென அமைந்த கம்பி அதனைத் தாங்குமோ? கம்பியின் உறை உருகும், பேட்டரியும் வற்றும்.

உண்மையிலேயே வெண்மையும் மிகுதியும் ஒருங்கு வாய்ந்தது எல்.இ.டி. விளக்கு. நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சள் ஒளி தரும் பொருளைப் பூசி வெள்ளொளியைப் பெறுகின்றனர். அந்நீலச் சில்லை ஆக்கிய சப்பானிய அறிஞர்களான அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். எல்.இ.டி. முகப்பு விளக்கோடு பிறந்த வண்டிகளில் எல்லாம் பொருந்த அமைந்திருக்கும். ஹாலஜன் குமிழைக் கழற்றிவிட்டு அதே கிண்ணத்தில் எல்.இ.டி. குமிழைச் செருகுவதில்தான் இடர்.

விளக்கின் பின்னுள்ள கிண்ணம், இழை எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்தை அளந்து வளைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் ஓரிரு மில்லிமீட்டர் விலகினும் கதிர்கள் சிதறும். சாலையில் விழ வேண்டியவை எதிரே வருபவர் கண்ணில் விழும். விளக்கு என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். விளங்குவது அன்று அது. பிறவற்றை விளங்கச் செய்வது. எதிரில் வருபவனுக்குச் சாலையை மறைக்கும் கருவியை அப்பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கண் கூசியவர்க்கு இருள் பழகச் சில நொடிகளாவது செல்லும். மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் மூன்று நொடிக்குள் 33 மீட்டர் அவர் குருடராகவே ஓட்டுகின்றார். ஒருபுறம் மலை, ஒருபுறம் பள்ளம். அவர் தடுமாறி வருவது நம் வண்டியை நோக்கித்தான். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும், வண்டியின் முன் 8 மீட்டர் தொலைவில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதவாறு முகப்பு விளக்கு தாழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன.

எந்த விளக்கைப் பொருத்தினும் அதன் நோக்கைச் சீர்செய்தல் வேண்டும். சமதரையில், சுவருக்கு 10 மீட்டர் முன்னே வண்டியை நிறுத்தி, ஒருவர் அதன்மேல் அமர்க. விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறிக்க. குறுவீச்சின் மேல்விளிம்பு அக்குறிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழுமாறு திருகைத் திருப்புக. பின்னிருக்கையில் கேழ்வரகு மூட்டையை ஏற்றும் நாளில் வண்டியின் பின்புறம் தாழ்ந்து விளக்கு வானத்தை நோக்கும். அன்று மீண்டும் ஒருமுறை திருகைத் தொட வேண்டியிருக்கும்.