ஆறு அறுத்த வழியிலே

மலையேறுவோரைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். மலையின் உச்சியை நோக்கிச் செல்பவன் தன் இலக்கைக் கண்ணால் காண்கிறான். களைத்துப்போனால் திரும்பி இறங்கிவிடலாம். ஆனால் ஓர் ஆறு நிலத்தை அறுத்து உண்டாக்கிய ஆழ்ந்த குடைவுக்குள் வள்ளத்தில் இறங்கியவனுக்கு இவ்விரண்டு வசதிகளும் இல்லை. அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவன் அறியான். வந்த வழியே நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பவும் அவனால் இயலாது. இத்தகைய பயணங்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளத் தக்கது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிறாண்ட் கன்யன் என்னும் பெருங்குடைவு.

கொலராடோ ஆறு அங்கே 446 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தைப் பிளந்து ஓடுகிறது. நம் மகாவலி கங்கையின் முழு நீளமே 335 கிலோமீற்றர்தான். அந்தக் குடைவின் ஆழம் ஒரு மைல் அளவானது. அகலம் சில இடங்களில் 29 கிலோமீற்றர் வரை விரிகிறது. விளிம்பிலே கிடக்கும் சுண்ணாம்புக்கல் ஏறக்குறைய 27 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. ஆற்றங்கரையிலே கருமையாக நிற்கும் உருமாறிய பாறையின் வயதோ 170 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பாறைகள் இவ்வளவு பழையனவாயினும் குடைவு அவ்வளவு பழையதன்று. இன்றுள்ள வடிவில் அதனை ஆறு அறுத்தது கடந்த 50 அல்லது 60 இலட்சம் ஆண்டுகளுக்குள்ளே என்பது நிலவியலார் பலருடைய கருத்து.

ஐரோப்பியர் இதனை முதன்முதலாகக் கண்டது 1540ஆம் ஆண்டில். ஹோப்பி மக்கள் வழிகாட்ட வந்த ஸ்பானிய வீரர் சிலர் விளிம்பில் நின்று பார்த்தனர். மூன்று நாள் இறங்க வழி தேடினர். அவர்களுள் சுறுசுறுப்பான மூவர் இறங்கிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பினர். மூன்றில் ஒரு பங்கு தூரமே செல்ல முடிந்தது. மேலிருந்து ஓர் ஆள் உயரமாகத் தோன்றிய பாறைகள், கிட்டச் சென்று பார்த்தபோது செவில் நகரத்துப் பெருங்கோபுரத்தையும் விட உயர்ந்து நின்றன என்று அவர்கள் கூறினார்களாம். அங்கு கண் ஏமாறும். அந்த ஏமாற்றம் இன்றும் நடைபயணிகளுக்கு ஆபத்தாகவே இருக்கிறது. வழி தெரிந்த மக்கள் அக்காலத்திலேயே உள்ளே வாழ்ந்து வந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. ஹவசுப்பாய் என்னும் குலத்தினர் இன்றும் ஒரு கிளைக் குடைவின் அடியிலுள்ள கிராமத்தில் வாழ்கின்றனர். அவர்களுக்குத் தபால் கோவேறு கழுதைகளின் முதுகிலேயே செல்கிறது.

ஆற்றின் வழியே முழுக் குடைவையும் கடந்து அதனை ஆராய்ந்து எழுதிய பெருமை ஜோன் வெஸ்லி பவல் என்பவரைச் சாரும். இவர் நிலவியல் கற்பித்த ஆசிரியர். உள்நாட்டுப் போரில் மேஜராகப் பணியாற்றியவர். 1862ஆம் ஆண்டு ஷைலோ என்னுமிடத்தில் நடந்த போரிலே குண்டு பட்டு வலக்கையை முழங்கைக்குக் கீழே இழந்தார். ஒற்றைக் கையுடைய இம்மனிதர் 1869ஆம் ஆண்டு மே 24ஆந் திகதி, வயோமிங் பிரதேசத்தில் புகையிரதப் பாதை கிறீன் ஆற்றைக் கடக்கும் இடத்திலிருந்து ஒன்பது துணைவரோடும் நான்கு வள்ளங்களோடும் புறப்பட்டார். பத்து மாதத்துக்குப் போதுமான உணவு ஏற்றப்பட்டிருந்தது.

வள்ளங்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மூன்று வள்ளங்கள் கருவாலி மரத்தாற் செய்யப்பட்டவை. 21 அடி நீளம். நான்காவது இலேசான பைன் மரத்தாலானது, 16 அடி. உறுதியானவைதாம், ஆனால் இந்த ஆற்றுக்கு ஏற்றவையல்ல. துறைமுகத்தின் அமைதியான நீரில் நேராக விரைந்து செல்வதற்குரிய அடிக்கட்டை உடைய வள்ளம், பாறைகளுக்கிடையே சட்டெனத் திரும்பாது. அதோடு தண்டு வலிப்போர் வழக்கம்போல் போகும் திசைக்கு முதுகைக் காட்டியே அமர்ந்திருந்தனர். தங்களை விழுங்கப்போகும் நீரை அவர்கள் பார்க்கவே இல்லை! ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, நதானியேல் கலவே என்னும் வேட்டைக்காரர் தட்டையான அடியுள்ள வள்ளத்தைச் செய்து, அதன் பின்புறத்தை முன்னே விட்டு, தாம் ஓட்டத்தை நோக்கி அமர்ந்து, நீரை எதிர்த்து வலித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறங்கிக் காட்டினார். எவ்வளவு எளிய மாற்றம்! பின்வந்தோர் அம்முறையையே பின்பற்றினர்.

விரைவோட்டங்கள் ஏன் உண்டாகின்றன? ஆற்றின் அடி படிப்படியாக இருப்பதால் என்று பலரும் நினைப்பர். பெரும்பாலும் காரணம் அதுவன்று. பக்கத்துச் சிறு குடைவுகளிலிருந்து பெருமழைக் காலத்தில் சேறும் கல்லும் கலந்த வெள்ளம் பாய்ந்து வந்து, வீடளவான பாறைகளைக்கூட ஆற்றுக்குள் தள்ளிவிடுகிறது. ஆறு ஒடுங்குகிறது. ஒடுங்கிய இடத்துக்கு மேலே நீர் குளம்போலத் தேங்கி, பின் சரிந்து பாய்கிறது. ஆகவே அங்கே ஆறு பெரும்பாலும் அமைதியாகவே ஓடுகிறது. அதன் மொத்த இறக்கத்தில் ஏறக்குறைய பாதி, நீளத்தின் பத்திலொரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. 1966ஆம் ஆண்டு திசெம்பரில் இவ்வாறு ஒரே மழையினால், முன்பு பொருட்படுத்தப்படாத கிறிஸ்டல் என்னும் விரைவோட்டம் மிகக் கொடிய ஒன்றாக மாறிற்று.

தேர்ந்த வள்ளக்காரர் நீரைப் படிக்கிறார். விரைவோட்டத்தின் தலைப்பிலே வழுவழுப்பான நீர் நாக்குப்போல நீண்டு, கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் அதுவே ஆழமான வழி. கூர்முனை மேல்நோக்கி இருந்தால் நீருக்கடியிலே பாறை ஒன்று ஒளிந்திருக்கிறது. ஐயம் இருப்பின் கரையில் இறங்கி, நடந்து சென்று, முழுவதையும் பார்த்த பின்னரே வள்ளத்தை விடவேண்டும்.

பவலின் கூட்டத்தாரும் அப்படித்தான் செய்தனர். கடக்க முடியாத இடங்களில் வள்ளங்களைக் கயிறு கட்டி மெல்ல இறக்கினர். அல்லது தோளிற் சுமந்தனர். ஆயினும் ஜூன் மாதம் லொடோர் குடைவிலே ஒரு வள்ளம் கரை சேரத் தவறிப் பாறையில் மோதி உடைந்தது. ஆட்கள் தப்பினர், உணவில் ஒரு பகுதி போயிற்று. பாரமானிகளும் போயின என்று பவல் கலங்கினார். ஆற்றின் இறக்கத்தைக் கணிக்க அவரிடமிருந்த கருவிகள் அவை. மறுநாள் சிதைவிலிருந்து பாரமானிகள் மீட்கப்பட்டன. கூடவே அவருக்குத் தெரியாமல் ஏற்றப்பட்டிருந்த ஒரு சாராயப் பீப்பாவும் கிடைத்தது! கூட்டத்தார் எழுப்பிய ஆரவாரம் எதற்காக என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓகஸ்ட் 27ஆந் திகதி மாலை அவர்கள் அதுவரை கண்டவற்றுள் மிகக் கொடியதாகத் தோன்றிய ஒரு விரைவோட்டத்தின் தலைப்புக்கு வந்தார்கள். கயிறு கட்டி இறக்க இடமில்லை. சுமந்து செல்ல வழியில்லை. மீந்திருந்த மாவோ சில நாட்களுக்கே போதும். ஹவ்லண்ட் என்னும் சகோதரர் இருவரும் டன் என்பவரும் இனித் தொடர்வது தற்கொலை என்று கருதினர்; வடபுறத்துக் குடைவின் வழியே ஏறி, மேட்டுநிலத்தைக் கடந்து மோர்மன் மக்களின் குடியிருப்புகளை அடையலாம் என்றனர். பவல் அன்றிரவு விண்மீன்களை அளந்து தாம் நிற்குமிடத்தைக் கணித்தார். வேர்ஜின் ஆற்றின் கழிமுகத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 45 மைல். ஆற்றின் வளைவுகளோடு 80 அல்லது 90 மைல். மணலிலே குறிகள் கீறி மூத்த ஹவ்லண்டுக்கு அதனைக் காட்டினார். பின் உறக்கமின்றி விடியும்வரை மணல் மீது நடந்துகொண்டே இருந்தார். நாமும் ஏறிப் போய்விடலாமா என்று அவருக்கும் ஒரு கணம் தோன்றியதுண்டு.

காலையில் பிரிந்தனர். போகிறவர்களுக்குத் துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டன. சமையற்காரர் சிறு ரொட்டிகளைச் சுட்டு அவர்களுக்காகப் பாறை மேல் வைத்தார். வள்ளத்தில் எஞ்சுவோருள் ஒருவர் தம் கைக்கடக்கமான கடிகாரத்தைக் கழற்றி, தாம் மாண்டால் தம் சகோதரியிடம் சேர்க்குமாறு ஒப்படைத்தார். இரு சாராரும் மற்றவர்தாம் சாவை நோக்கிச் செல்கின்றனர் என்று எண்ணிக் கண் கலங்கினர். அறுவர் இரண்டு வள்ளங்களிற் பாய்ந்தனர். சில நிமிடங்களில் பாதுகாப்பாகக் கீழே சேர்ந்துவிட்டனர்! மேலே நின்ற மூவரும் இனியேனும் வரட்டும் என்று துப்பாக்கியால் வெடி தீர்த்துக் காத்திருந்தனர். எவரும் வரவில்லை.

மறுநாள் நண்பகலிலே வள்ளங்கள் குடைவை விட்டு வெளியேறின. அடுத்த நாள் வேர்ஜின் ஆற்றின் முகத்திலே, அவர்களுடைய சிதைவுகளைத் தேடி வலை போட்டிருந்த குடியேறிகள் அவர்களை உயிரோடு கண்டனர். ஏறிச் சென்ற மூவரும் ஊர் சேரவில்லை, வழியிற் கொல்லப்பட்டனர். வேறு குற்றவாளிகள் என்று தவறாக எண்ணித் தம் மக்களே கொன்றுவிட்டதாக ஷிவ்விற் குலத்தார் ஒப்புக்கொண்டனர் என்று பவல் மறு ஆண்டு அறிந்து எழுதினார். இதனை ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர்.

மூவரின் முடிவைக் கோழைத்தனம் என்று கூறுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மூன்று மாதம் அந்த ஆற்றில் உழைத்தவர்கள் அவர்கள். மேலே ஏறுவது பார்வைக்குப் பாதுகாப்பான வழி, அவ்வளவே.

நடந்து செல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையிலே கடினமான ஏற்றம் முதலில் வரும். குடைவிலோ இறக்கம் முதலில் வந்து மனிதனை மயக்குகிறது. காலையிற் குளிர்ந்த விளிம்பிலிருந்து துள்ளி இறங்கியவன், கோடையில் 40 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், நீர் தீர்ந்த நிலையில், 1,300 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். இடையே செஞ்சுவர் எனப்படும் செங்குத்தான சுண்ணாம்புக்கற் சுவர் நிற்கிறது. அதனைக் கடக்கக்கூடிய வெடிப்புகள் சில இடங்களிலேயே உண்டு. ஹார்வி புச்சார்ட் என்னும் கணித ஆசிரியர் 1945 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேல், விடுமுறை தோறும் இத்தகைய வழிகளைத் தேடி 12,000 மைல் அளவு நடந்தார். ஒடுங்கிய கிளைக் குடைவுகளில் வேறோர் ஆபத்தும் உண்டு. 1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி, அதே மாநிலத்திலுள்ள அன்ரலோப் குடைவில் பதினொருவர் வெள்ளத்தில் மாண்டனர். மழை பெய்தது அவர்கள் நின்ற இடத்தில் அன்று. பல மைல்களுக்கு அப்பால்.

1963ஆம் ஆண்டு மேலே கிளென் குடைவில் அணை மூடப்பட்டபின் ஆற்றின் தன்மையே மாறிவிட்டது. முன்பு சேறாகச் சிவந்து ஓடிய நீர் இப்போது பெரும்பாலும் தெளிந்து, அணையின் அடியிலிருந்து வருவதாற் கைகால் விறைக்குமளவு குளிர்ந்து ஓடுகிறது. மணற்கரைகள் தேய்கின்றன. வள்ளத்திற் செல்ல விரும்புவோர் அனுமதிக்காகச் சீட்டுக்குலுக்கலிற் பெயர் கொடுக்கவேண்டும். கீழே 1930களில் எழுந்த ஹூவர் அணையின் தேக்கம் எட்டி வந்து, அந்த மூவர் பிரிந்த விரைவோட்டத்தை மூழ்கடித்தது. அவர்கள் ஏறிச்சென்ற சிறு குடைவுக்குப் ‘பிரிவுக் குடைவு’ என்று பெயர். அதன் வாயிலிலே பாறையில் அவர்களுடைய பெயர்களைத் தாங்கிய ஒரு தகடு பதிக்கப்பட்டிருக்கிறது.