அரியர் விழுந்துடுச்சா? பிசியோதெரபி மாணவர்களுக்கு அவங்க பாடமே சொல்லும் பதில்!

"பிசியோதெரபியா? மசாஜ் பண்றதுதானே..." - பி.பி.டி படிக்கும் எவரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் வசனம் இது. சாதாரண நாளில் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். அனாட்டமியில் அரியர் விழுந்த வாரத்தில் கேட்டால், `நமக்கு இந்தப் படிப்பே செட் ஆகாதோ' என்று தோன்றும்.

முதல் வருடத்திலேயே எலும்பு, தசை, நரம்பு என நூற்றுக்கணக்கான பெயர்கள் வந்து விழுகின்றன. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலில் மட்டும் சி5 முதல் டி1 வரை ஐந்து வேர்கள். அவை பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரியும். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இதோடு மொழிச் சுமையும் உண்டு. தடுமாறுவது இயல்புதான். தடுமாறிய பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

கிரேடு 2 சொல்லும் பாடம்

தசை பலத்தை 0 முதல் 5 வரை கிரேடு போடக் கற்றுக்கொடுப்பார்கள். கிரேடு 2 என்றால், புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடியாது. பாரம் இல்லாமல் இருந்தால் அசைக்க முடியும். அப்படிப்பட்ட நோயாளியிடம் `தூக்கு, தூக்கு' என்று யாரும் கத்த மாட்டார்கள். கையைத் தாங்கிக்கொடுத்து, மேஜையில் நகர்த்தவைப்பார்கள். பலம் கூடக் கூட சுமையை ஏற்றுவார்கள்.

நோயாளிக்கு இவ்வளவு பொறுமையாகத் திட்டம் போடும் மாணவர், தனக்கு மட்டும் `ஒரே வாரத்துல மொத்த புக்கையும் முடிக்கணும்' என்று கிரேடு 5 டார்கெட் வைப்பார். முடியாதபோது உடைந்துபோவார். மீண்டெழும் திறன் என்பது பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது இல்லை. இப்போது எந்த கிரேடில் இருக்கிறோம் என்று பார்த்து, அடுத்த கிரேடுக்கு நகர்வது.

எப்படி நகர்வது?

* படித்ததை மூடிவிட்டு எழுதுங்க: 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆக, அந்த நரம்புப் பின்னலை வெள்ளைத்தாளில் பார்க்காமல் வரையுங்கள். தப்பு வரும் இடம்தான் இன்று படிக்கவேண்டிய இடம்.

* ஒருத்தரைப் பிடிச்சுக்கோங்க: ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார் உளவியலாளர் எம்மி வெர்னர். வறுமை, குடும்பச் சிக்கல் எனக் கடினமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பக்கபலமாக, அக்கறையுள்ள ஒருவராவது இருந்தார். உங்களுக்கு அது சீனியர் அக்காவாக இருக்கலாம், ஒரு லெக்சரராக இருக்கலாம். `புரியலை' என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு நபர் போதும்.

* ஓய்வும் சிகிச்சைதான்: பயிற்சிக்குப் பிறகு கிடைக்கும் ஓய்வில்தான் தசை தன்னைச் சரிசெய்துகொண்டு பலமாகிறது. படித்தது மனதில் பதிவதற்கும் தூக்கம் வேண்டும். எக்ஸாமுக்கு முந்தைய இரவு முழுக்க விழித்திருப்பது, ஓய்வே கொடுக்காமல் எடை ஏற்றுவது மாதிரி.

எல்லாத்தையும் தாங்கணுமா?

வேண்டாம். கிளினிக்கல் போஸ்டிங்கில் நோயாளி முன்பு ஒருவர் உங்களை அவமானப்படுத்தினால், அதைச் சகித்துக்கொள்வதற்குப் பெயர் மனவலிமை இல்லை. கல்லூரியில் புகார் சொல்வதில் தவறே இல்லை. இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கம், பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் உதவி கேளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

பக்கவாதம் வந்தவரின் விரல் லேசாக அசைந்தாலே, `சூப்பர், நாளைக்கு இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்று சொல்லப்போகிறவர் நீங்கள். அரியர் பேப்பரைத் திறக்கும்போது, அதே வார்த்தையை உங்களுக்கும் ஒருமுறை சொல்லிக்கோங்க!