மூட்டுவலியை அலட்சியப்படுத்தலாமா? ஜொகூர் 2008 சொல்லும் பாடம்

2008ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்கி ஜொகூர் மாநிலத்தின் பல வட்டாரங்களில் ஒரு விநோதமான காய்ச்சல் பரவியது. திடீரென்று உடல் கொதித்தது. இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் அதன் பிறகுதான் உண்மையான வேதனை ஆரம்பமானது. தண்ணீர்க் குழாயைத் திருக முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. படுக்கையிலிருந்து எழுந்து கால் ஊன்றினால் கணுக்காலில் ஊசி குத்துவது போன்ற வலி. நேற்று வரை நிமிர்ந்து நடந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தார்கள்.

அதுதான் சிக்குன்குனியா. இந்த நோய் முதன்முதலில் 1952ஆம் ஆண்டு இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் கண்டறியப்பட்டது. அங்கு வாழும் மக்கொண்டே இன மக்களின் மொழியில் இந்தப் பெயருக்கு 'வளைத்துப் போடுவது' என்று பொருள். நோயாளி நடக்கும் கோலத்தைப் பார்த்தே பெயர் வைத்துவிட்டார்கள்.

மலேசியாவுக்கு இது முற்றிலும் புதிய நோயல்ல. 1998-99இல் கிள்ளானிலும் 2006இல் பேராக் மாநிலத்தின் பாகான் பஞ்சோரிலும் தலைகாட்டியது. 2008 ஜனவரியில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் பரவியது. ஆனால் ஜொகூரில் தொடங்கிய அலைதான் நாடு முழுவதும் விரிந்தது. 2008க்கும் 2010க்கும் இடையில் மலேசியாவில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

பொதுவாக உயிரைப் பறிக்காத ஒரு நோய், இத்தனை பேரை எப்படி முடக்கிப் போட்டது? அது குறிவைத்த இடம் மூட்டு. ஆகவே மூட்டு என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் அனைவரும் தெரிந்து வைத்திருப்பது அவசியமாகிறது.

மூன்று வகை இணைப்புகள்

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடமே மூட்டு. மூட்டு என்றதும் நமக்கு முழங்கால்தான் நினைவுக்கு வரும். ஆனால் அசையாத மூட்டுகளும் நம் உடலில் உண்டு.

முதலாவது, நார் மூட்டு. மண்டையோட்டின் எலும்புகள் ரம்பப் பற்களைப் போல ஒன்றோடொன்று கோத்து, இடையில் உறுதியான நார்களால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே அசைவுக்கு இடமில்லை. மூளையைக் காக்கும் பெட்டகம் ஆடக்கூடாது அல்லவா? ஆனால் பிறந்த குழந்தைக்கு இந்த இணைப்புகள் இறுகியிருப்பதில்லை. பிரசவத்தின்போது தலை சற்றே அமுங்கி வெளிவரவும், அதன் பிறகு மூளை வளரவும் அந்த இடைவெளி உதவுகிறது. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது பாட்டிமார்கள் 'மெதுவாகத் தொடு' என்று எச்சரிக்கும் உச்சிக்குழி இதுவே. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அது மூடிவிடுகிறது. பற்கள் தாடை எலும்பில் பதிந்திருப்பதும் நார் இணைப்பினால்தான்.

இரண்டாவது, குருத்தெலும்பு மூட்டு. இது கொஞ்சம் அசையும். முதுகெலும்பின் கண்ணிகளுக்கு இடையில் உள்ள வட்டத் தட்டுகள் இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொன்றும் சிறிதளவே வளைகிறது. எல்லாம் சேர்ந்து வளையும்போது நாம் குனிந்து தரையைத் தொடுகிறோம்.

மூன்றாவது, தாராளமாக அசையும் மூட்டு. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் இந்த வகை. நம் மூட்டுவலிகளில் பெரும்பாலானவை இங்கேதான் குடியிருக்கின்றன.

பால்வெட்டுத் தொழிலாளியின் கை சொல்லும் கதை

அசையும் மூட்டுகளில் ஆறு வகைகள் உண்டு. இவற்றைப் புரிந்துகொள்ளப் பாடநூல் தேவையில்லை. ஜொகூரின் ரப்பர் தோட்டங்களில் நம் பெற்றோர்களும் பாட்டன் பாட்டிகளும் செய்த பால்வெட்டு வேலையை நினைத்துப் பார்த்தாலே போதும்.

வெட்டுக் கத்தியோடு கையை உயர்த்துகிறார் தொழிலாளி. தோளில் பந்துக்கிண்ண மூட்டு வேலை செய்கிறது. கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமில்லாத கிண்ணத்தில் உருளுவதால் எல்லாத் திசைகளிலும் சுழல முடிகிறது. உடலில் மிக அதிகமாக அசைவதும் தோள்தான். மிக எளிதாகப் பிசகிப்போவதும் தோள்தான். இடுப்பிலும் இதே வகை மூட்டுதான். ஆனால் அங்கே கிண்ணம் ஆழமானது. உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் அசைவைக் குறைத்து உறுதியைக் கூட்டியிருக்கிறது இயற்கை.

முழங்கை மடங்குகிறது. இது கீல் மூட்டு. கதவின் கீலைப் போல் ஒரே தளத்தில்தான் திறக்கும், மூடும். விரல்களின் இடைக்கணுக்களும் அப்படியே.

பட்டையின் சரிவுக்கு ஏற்பக் கத்தியைத் திருப்புகிறார். உள்ளங்கை மேலும் கீழும் புரளுவது மணிக்கட்டின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. முன்கையில் உள்ள இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் மீது சுழல்கிறது. இது சுழல் மூட்டு. நாம் 'இல்லை' என்று தலையாட்டுவதும் இந்த வகை மூட்டினால்தான். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் அது அமைந்துள்ளது. தலையைத் திருப்பும் அசைவில் ஏறக்குறையப் பாதி அந்த ஓரிடத்தில் நடக்கிறது.

மணிக்கட்டோ முட்டைவடிவ மூட்டு. முன்னும் பின்னும் வளையும், பக்கவாட்டில் சாயும்; ஆனால் தானாகச் சுழலாது. மணிக்கட்டிலும் பாதத்திலும் உள்ள சிறு எலும்புகள் ஒன்றின் மீது ஒன்று லேசாக நழுவுகின்றன. அவை வழுக்கு மூட்டுகள்.

கடைசியாக, கத்தியை இறுகப் பற்றியிருக்கும் கட்டைவிரல். அதன் அடியில் சேண மூட்டு இருக்கிறது. குதிரைச் சேணத்தின் மீது ஆள் உட்கார்ந்திருப்பதைப் போல் இரண்டு எலும்புகளும் ஒன்றில் ஒன்று பொருந்தியிருக்கின்றன. அதனால்தான் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களையும் தொட முடிகிறது. உளியும் பேனாவும் ஊசியும் நம் கைக்கு வந்தது இந்தச் சிறிய மூட்டின் புண்ணியத்தில்தான்.

முழங்காலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உடலின் மிகப்பெரிய மூட்டு இதுவே. பெரும்பாலும் கீலைப் போல மடங்கினாலும் சற்றே திரும்பவும் செய்யும். வெட்டுப்பட்ட பட்டை ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்க இறங்க, பால்வெட்டுபவரின் முதுகும் முழங்காலும் அதற்கேற்ப வளைய வேண்டும். ஒரு நிரையில் நூற்றுக்கணக்கான மரங்கள். அத்தனை மரங்களுக்கும் அத்தனை முறை வளைந்து நிமிர்ந்த முழங்கால்கள் அவை.

மூட்டுக்குள் என்ன இருக்கிறது?

அசையும் மூட்டை ஒரு மூடிய பைக்கு ஒப்பிடலாம். எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. சுற்றிலும் உறுதியான உறை. எலும்பை எலும்போடு கட்டிவைக்கும் இணைப்பு நார்கள் வெளியே. உறையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய சவ்வு. அது முட்டையின் வெள்ளைக்கருவைப் போன்ற ஒரு திரவத்தைச் சுரக்கிறது. ஆரோக்கியமான முழங்காலில் இந்தத் திரவம் ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்காது. அந்தக் கொஞ்சம்தான் எண்ணெயாகவும் உணவாகவும் இருந்து மூட்டைக் காக்கிறது.

உணவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குருத்தெலும்பில் இரத்தக்குழாய் கிடையாது. நாம் நடக்கும்போது அது அமுங்கி விரிகிறது. கடற்பஞ்சைப் போலத் திரவத்தை வெளியே விட்டு மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. அசைந்தால்தான் அதற்குச் சாப்பாடு. எனவே 'வலிக்கிறது, ஆகவே அசையவே மாட்டேன்' என்று மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுவது மூட்டைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது. அது தேயத் தொடங்கும்போது வலி தெரியாது. வலி வரும்போது பெரும்பாலும் தேய்மானம் முன்னேறியிருக்கும்.

ஜொகூரில் நடந்தது

சிக்குன்குனியா கிருமி இரத்தத்தின் வழியாக மூட்டின் உட்சவ்வை அடைகிறது. கிருமியை விரட்ட உடல் நடத்தும் போரில் அந்தச் சவ்வு வீங்குகிறது, திரவம் பெருகுகிறது. விரல், மணிக்கட்டு, கணுக்கால் போன்ற சிறிய மூட்டுகளில் இடமில்லாததால் சிறிய வீக்கமே பெரிய வேதனையைத் தருகிறது. பெரும்பாலும் இரு பக்கமும் ஒன்றுபோலப் பாதிக்கப்படும். பலர் சில வாரங்களில் குணமடைந்தாலும் சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட வலி நீடிக்கிறது. நாள் கூலிக்கு வேலை செய்யும் ஒருவருக்கு அது வருமான இழப்பு. வீட்டைச் சுமக்கும் தாய்க்கு அது குடும்பமே நின்றுபோவதற்கு ஒப்பாகும்.

அந்த அலையில் பரவிய கிருமியில் ஒரு சிறிய மாற்றம் ஏற்பட்டிருந்தது. புறப்புரதம் ஒன்றின் 226ஆவது இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அதனால் உடலில் வெள்ளைக் கோடுகள் கொண்ட ஆசியப் புலிக்கொசுவில் அது எளிதாகப் பெருகியது. புலிக்கொசு தோட்டத்தையும் தோப்பையும் விரும்பும் கொசு. தேங்காய்ச் சிரட்டை, மரப்பொந்து, கைவிடப்பட்ட மங்குகள் என்று எங்கே மழைநீர் தேங்கினாலும் முட்டையிடும். கேரளத்தில் 2006, 2007ஆம் ஆண்டுகளில் இந்நோய் பரவியபோது ரப்பர் மரங்களில் கட்டிய மங்குகளே கொசுக்களுக்குத் தொட்டிலாக இருந்தன. வேலை முடிந்த மங்கைக் கவிழ்த்து வைப்பது ஒரு சிறிய செயல்தான். ஆனால் அது பல மூட்டுகளைக் காப்பாற்றும்.

எந்த வலி எதைச் சொல்கிறது?

வேலை செய்யச் செய்ய வலித்து, ஓய்வெடுத்தால் குறைவது பெரும்பாலும் தேய்மானம். காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்து, ஒரு மணி நேரம் வரை இளகாமல் இருந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். இது பெண்களுக்கு அதிகம். நள்ளிரவில் கால் பெருவிரல் தீயாக எரிந்தால் யூரிக் அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். கையைத் தூக்கவே முடியாதபடி தோள் இறுகிப்போவது நீரிழிவு உள்ளவர்களுக்குக் கூடுதலாக வருகிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் நீரிழிவு விழுக்காடு இந்தியர்களிடையேதான் அதிகமாக இருந்தது என்பதால் இது நமக்கு முக்கியம்.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விரலைச் சொடுக்கினால் மூட்டு கெட்டுவிடுமா என்று பலர் கேட்பதுண்டு. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உருவாவதால் எழுகிறது என்கிறார்கள். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இடக்கை விரல்களை மட்டும் சொடுக்கி வந்தார். இரண்டு கைகளிலும் மூட்டு நோய் இல்லை என்று 1998இல் அறிவித்தார். இது ஒரே மனிதரின் சோதனைதான் என்றாலும் பயப்படத் தேவையில்லை என்பதற்கு ஓர் ஆறுதல்.

மூன்று நாளில் குணமா?

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. 'மூன்று நாளில் மூட்டுவலி பறந்துவிடும்' என்று பாசார் மாலாமிலும் இணையத்திலும் விற்கப்படும் மாத்திரைகளும் ஜாமு பொடிகளும்தான் அவை. இத்தகைய சில பொருட்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும். ஆகவே வலி உண்மையிலேயே பறந்துவிடும். 'நல்ல மருந்து' என்று அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லத் தோன்றும். ஆனால் மாதக்கணக்கில் உட்கொண்டால் முகம் ஊதும், இரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் ஏறும், எலும்பு வலுவிழக்கும். பயந்துபோய்த் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. இப்படி ஒன்றைச் சாப்பிட்டு வருபவர்கள் அந்தப் பொட்டலத்தோடு மருத்துவரைச் சந்திப்பதே சரியான வழி. பதிவு எண் இல்லாத மருந்தை வாங்கவே வேண்டாம்.

காய்ச்சலோடு மூட்டுவலி வந்தால் அது டெங்கியாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை முடியும் வரை பாரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரைகளைத் தாமாக விழுங்கக்கூடாது. சிலவகை வலி மாத்திரைகள் டெங்கியில் இரத்தக்கசிவை உண்டாக்கும்.

தேய்மானத்திற்கு எளிய மருந்து உடல் எடையில் இருக்கிறது. 1 கிலோ எடை குறைந்தால், நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. தினமும் கொஞ்சம் நடை, தொடைத் தசைக்குப் பயிற்சி, முடிந்தால் நீச்சல். இவை பணம் கேட்காத வைத்தியங்கள்.

நம் வீட்டுப் பெரியவர்கள் 'வயதானால் அப்படித்தான்' என்று சொல்லி வலியை மறைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளின் வேலை கெட்டுவிடுமே என்ற தயக்கம் அவர்களுக்கு. அவர்கள் சொல்லக் காத்திருக்காமல் இன்று நாமே ஒரு கேள்வி கேட்போம்: 'காலையில் எழும்போது கை விரல் மடங்குகிறதா?' பதில் தயங்கித் தயங்கி வந்தால், அடுத்த வாரத்திற்குத் தள்ளிப் போடாமல் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வோம்.