புளிப்பில் பிறந்த பிளாஸ்டிக்!

தயிர் புளிக்கக் காரணம் லாக்டிக் அமிலம். 1780-ம் ஆண்டு சுவீடன் விஞ்ஞானி ஷீலே இதைப் புளித்த பாலில் இருந்து பிரித்து எடுத்தார்.

அதே அமிலத்தில் இருந்து இன்று ஒரு பிளாஸ்டிக் செய்கிறார்கள். பெயர் பி.எல்.ஏ. இதற்குப் பால் வேண்டாம். மக்காச்சோளம், கரும்பு இவற்றின் சர்க்கரையைப் புளிக்க வைத்தால் போதும்.

கரையும் சாரம்

இந்தப் பிளாஸ்டிக் உடம்புக்குள் நாளடைவில் சிதைந்து மறைந்துவிடும். எனவே, உடைந்த எலும்பு வளர்வதற்குச் சாரம்போல இதை வைக்க ஆராய்ச்சி நடக்கிறது.

சாரத்தை அச்சிடுவது எப்படி? பிளாஸ்டிக்கை ஒரு திரவத்தில் கரைக்கிறார்கள். முறுக்குப் பிழிவதுபோல, மெல்லிய ஊசி வழியே எந்திரம் அதைப் பிழிகிறது. திரவம் ஆவியாகும், இழை இறுகும். 2013-ல் கனடாவின் மான்ட்ரியல் ஆராய்ச்சியாளர்கள் இப்படி அச்சிட்டுக் காட்டினார்கள்.

ஆவியில் ஆபத்து

அவர்கள் பயன்படுத்திய திரவம் டைகுளோரோமீத்தேன். 40 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும். அதனால் இழை உடனே இறுகும். ஆனால் அந்த ஆவி பொல்லாதது. மூச்சில் கலந்தால் மயக்கம் வரும். புற்றுநோய் அபாயமும் உண்டு. 2024-ல் அமெரிக்க அரசு அதன் பெரும்பாலான உபயோகங்களுக்குத் தடை விதித்தது.

மாற்று என்ன?

மீண்டும் புளிப்புதான்! லாக்டிக் அமிலத்துடன் எரிசாராயம் சேர்ந்தால் எத்தில் லாக்டேட். உணவுக்கு மணமூட்டவும் இது உதவுகிறது. மண்ணில் எளிதில் சிதையும். பி.எல்.ஏ.யில் சில வகைகளைக் கரைக்கும்.

குறை ஒன்று உண்டு. இது கொதிக்க 154 டிகிரி வேண்டும். மெதுவாகவே உலரும். ஈர இழை தொய்ந்தால் வடிவம் கெடும். வேகமாக உலர்த்த வழி கண்டால் வெற்றிதான்.

நோயாளியைக் காக்கும் பொருளைச் செய்பவரே நோயாளியாகிவிடக் கூடாது அல்லவா?