தற்செயல் விடுப்பு: ஒரு பதிவேட்டை வாசித்தல்

பிரதி என்றதும் கதை, கவிதை, நாவல் என்றே நாம் யோசித்துப் பழகிவிட்டோம். அரசு அலுவலகம் ஒன்றின் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் நான் இங்கே வாசிக்க எடுத்துக்கொள்வது வேறொரு பிரதி: தற்செயல் விடுப்புப் பதிவேடும் அதனோடு கோர்த்து வைக்கப்படும் விண்ணப்பங்களும். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. ஆணுக்கும் 12, பெண்ணுக்கும் 12. டிசம்பர் முடிந்தால் மிச்சம் காலாவதி. இதைவிடச் சமத்துவமான ஏற்பாடு இருக்க முடியாது என்றுதான் முதல் பார்வையில் தோன்றும். அந்தச் சமத்துவம் வீட்டு வாசலைத் தாண்டியதும் என்னவாகிறது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

விண்ணப்பங்களில் 'காரணம்' என்று எழுதப்படுவதை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஆண்கள் பெரும்பாலும் 'சொந்த வேலை' என்று இரண்டு சொற்களில் முடித்துவிடுவார்கள். விசாரித்தால் உறவினர் திருமணம், ஊர்த் திருவிழா, மனை பத்திரப்பதிவு. பெண்களின் தாள்களில் வீடு முழுவதும் இறங்கி வந்திருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு ரத்தப் பரிசோதனை, பள்ளியில் பெற்றோர் கூட்டம், அம்மை. விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவை விதிவிலக்குகளாகவே கண்ணில் படுகின்றன. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. "என்ன மேடம், இந்த மாசத்துல இது மூணாவது காய்ச்சலா?" என்று ஒருமுறை கேட்கப்பட்ட பெண், அடுத்த தாளில் 'எனக்கு உடல்நலமில்லை' என்று எழுதுகிறாள். குழந்தையின் நோயைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டால்தான் அது அலுவலகத்துக்குப் புரியும் காரணமாகிறது. காகிதத்தில் படுத்திருப்பவள் அந்நேரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டு வரிசையில் நின்றுகொண்டிருப்பாள்.

'தற்செயல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எதிர்பாராதது, எப்போதாவது நிகழ்வது என்று பொருள். காலை ஐந்து மணிப் பால், ஏழரை மணி ஸ்கூல் வேன், பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, மாமியாரின் முழங்கால், தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் எல்லாம் சரியாகப் பொருந்தினால்தான் ஒரு தாய் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட முடியும். இவற்றில் ஒன்று தினமும் அறுந்துபோகக்கூடியது. நல்ல நாட்களில் இந்த ஏற்பாடு அன்பு என்றும் பொறுப்பு என்றும் அழைக்கப்படுகிறது. அறுந்த நாளில்தான் யாருடைய விடுப்பு கழியும் என்ற கேள்வியில் அதன் அதிகார அமைப்பு வெளியே தெரிகிறது. அலுவலகம் தற்செயல் என்று பெயரிட்டது தாயைப் பொறுத்தவரை அன்றாடம்.

என் கணவரும் அரசு ஊழியர்தான். அவருக்கும் அதே 12 நாள். கொடுமைக்காரர் இல்லை, ஒத்தாசை செய்பவர். "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுடறேன்" என்பார். இந்த வாக்கியத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். செய்வது அவர், சொல்வது நான். சொல்ல வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை, போன தடவை எந்த மருந்துக்கு உடம்பில் தடிப்பு வந்தது, கேஸ் எப்போது தீரும், சின்னவளுக்கு எந்தக் கிழமை கலர்டிரெஸ். இந்த ஞாபகமே ஒரு உழைப்பு. 'ஒத்தாசை' என்ற சொல், வேலை அடிப்படையில் இன்னொருவருடையது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் உச்சரிக்கப்படுகிறது. காய்ச்சல் நாள் காலையிலும் "யார் லீவு போடுவது?" என்ற கேள்வி எழுவதில்லை. "உன்னால லீவு போட முடியுமா?" என்பதே கேள்வி.

இதை எண்ணிக் காட்டும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. மத்திய அரசின் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, 2019இல் ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024இல் இது 289, 88. பெண்ணின் நேரம் பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் நேரமும் ஒன்பது நிமிடம் குறைந்தது! இந்த எண்கள் அவசியமானவைதான். ஆனால் எண்ணும் முறையைக் கவனியுங்கள். 2019 ஆய்வில் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை நாளை அரைமணித் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டில் பல வேலைகள் இருந்தால் பத்து நிமிடமாவது நீடித்தவற்றையே குறித்தார்கள். ஞாபகம் பத்து நிமிடம் நீடிப்பதில்லை. ஃபைலில் குறிப்பு எழுதும்போது நடுவே வந்து போகிறது. ஆகவே அது அட்டவணையில் இல்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1989இல் வெளிவந்த தம் நூலில், வேலைக்குப் போகும் தாய் வீடு திரும்பியதும் தொடங்கும் உழைப்பை 'இரண்டாவது ஷிப்ட்' என்றார். நம் பதிவேடு சொல்வது அதற்கும் கூடுதலானது. வீடு மாலைவரை காத்திருப்பதில்லை, முதல் ஷிப்டுக்குள்ளேயே புகுந்து அவளுடைய விடுப்பை, பெர்மிஷனை, பதவி உயர்வுக்கான பரீட்சைக்குப் படிக்கும் நேரத்தைத் தின்கிறது.

சட்டத்தின் மொழிக்கு வருவோம். தமிழக அரசுப் பெண் ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். போராடிப் பெற்ற உரிமை, சந்தேகமில்லை. ஆனால் பிரசவத்துக்கு 12 மாதம் தந்த அமைப்பு, அதற்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுக் காய்ச்சல்களை ஆண்டுக்கு 12 நாளில் சமாளிக்கச் சொல்கிறது. மத்திய அரசு 2008இல் பெண் ஊழியருக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அளித்தது. 2018இல் அதை ஆணுக்கும் விரித்தது. எந்த ஆணுக்கு? மணமாகாத, மனைவியை இழந்த, அல்லது மணவிலக்குப் பெற்ற ஆணுக்கு. அதாவது, வீட்டில் மனைவி என்று ஒருத்தி இல்லாதபோதுதான் தகப்பன் சட்டத்தின் கண்ணில் பெற்றோராகிறான். மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. நாளுக்கு நான்கு முறை அங்கே போய்ப் பார்க்கும் உரிமையை 'அப்பெண்ணுக்கு' என்று எழுதியது. பிள்ளையைப் பார்க்க அப்பனும் போகலாம் என்ற எண்ணம் அந்த வாக்கியத்துக்குள் நுழையவேயில்லை.

பொதுவாகத் தருவது மட்டும் போதாது என்பதற்கு ஸ்வீடன் சாட்சி. 1974இல் அங்கே பெற்றோர் விடுப்பு இருவருக்கும் பொதுவாக்கப்பட்டது. எடுத்தவர்கள் பெரும்பாலும் தாய்மாரே. நார்வே 1993இலும் ஸ்வீடன் 1995இலும், தந்தை எடுக்காவிட்டால் வீணாகிவிடும், தாய்க்கு மாற்ற முடியாது என்று ஒரு பங்கை ஒதுக்கின. அதன் பிறகே தகப்பன்மார் கணிசமாக வீட்டில் இருக்கத் தொடங்கினர்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த வாசிப்பு நடுத்தர வர்க்கப் புலம்பலாகவே முடிந்துவிடும். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்குப் பதிவேடு கிடையாது. அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் 'இன்னைக்கு வேலைக்காரி வரல' என்று பேசப்படுகிறது, பல வீடுகளில் சம்பளத்திலும் பிடிக்கப்படுகிறது. என்னைப் போன்றவள் பத்து மணிக்குக் கையெழுத்துப் போடுவது அவருடைய அந்த விடுப்பின்மையின் மேல் நின்றுதான். ஒரு பெண்ணின் சுமை கீழே இருக்கும் இன்னொரு பெண்ணுக்குக் கை மாறுகிறது. பக்கத்தில் நிற்கும் ஆணுக்கு மாறுவதில்லை.

நம் இயக்கங்களும் சங்கங்களும் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைக்கின்றன. ஆறு மணி என்பது யாருடைய ஓய்வு நேரம்? "பெண் தோழர்கள் வர்றதே இல்லீங்க" என்று மேடையில் வருத்தப்படும் தோழரின் பிள்ளைக்கு அந்நேரம் சோறு ஊட்டிக்கொண்டிருப்பவர் யார் என்பதும் தத்துவப் பிரச்சினைதான். ஊதிய உயர்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் தரும் அதே அழுத்தத்துடன் இரண்டு கோரிக்கைகள் சங்கங்களின் பட்டியலில் ஏற வேண்டும் என்பது என் வாதம். ஒன்று, தாய்க்கு மாற்ற முடியாதபடி தகப்பனுக்கென்று ஒதுக்கப்பட்ட பராமரிப்பு விடுப்பு. மற்றது, வீட்டு வேலைத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு. அவை சட்டமாகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த காய்ச்சலுக்கு ஆண் தோழர்கள் தங்கள் 12 நாளில் ஒன்றை எடுக்கலாம். எடுத்துவிட்டு, காரணம் எழுதும் இடத்தில் 'சொந்த வேலை' என்று மழுப்பாமல், 'குழந்தைக்குக் காய்ச்சல்' என்றே எழுதட்டும்.