ஒரே அறையில் இரண்டு பிரதி

கணிப்புக்கும் சேமிப்புக்கும் தனித்தனி இயந்திரம் வாங்காமல், சாதாரண சேர்வர்கள் மூன்றைப் பிணைத்து, அவற்றின் வன்தட்டுகளை மென்பொருளால் ஒரே சேமிப்பகமாக்குவதே ஹைப்பர்கன்வேர்ஜ்ட் முறை. 2009இல் தொடங்கிய நியூட்டனிக்ஸ் இந்தச் சந்தையைத் திறந்தது. விஎம்வெயார் 2014இல் விசான் என்ற தன் மென்பொருளோடு வந்து சேர்ந்தது. எழுதப்படும் தரவு அந்தக் கணமே இன்னொரு சேர்வரிலும் பதிவதால், ஒன்று பழுதானாலும் கந்தோர் வேலை நிற்பதில்லை. அது பெரிய வசதிதான். ஆனால் கல்முனையிலோ இறக்காமத்திலோ ஒரு நிறுவனம் இதற்குப் பணம் ஒதுக்குமுன், வலையமைப்பிலிருந்து கழற்றி வேறு ஊரில் வைக்கும் ஒரு பிரதிக்கு ஒதுக்க வேண்டும். கணத்துக்குக் கணம் பதியும் பிரதி கெட்டதையும் அதே கணத்தில் பதிகிறது. ஒரு கோப்பை அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். கப்பம் கேட்கும் வைரஸ் பூட்டினால் எல்லாமே பூட்டப்படும்.

இதை நம் நாடே அனுபவித்தது. 2023 ஓகஸ்ட் 26இல் லங்கா அரச கிளவுட் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சல் கணக்குகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. சேவை சில மணிநேரத்தில் மீண்டது. மே 17 முதல் அன்றுவரையான கடிதங்கள் மீளவில்லை. இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது, கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. மைக்ரோசொஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்ட எக்ஸ்சேஞ்ச் 2013 மின்னஞ்சல் மென்பொருள் அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வசதி குறைந்த நாட்டின் கதை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகர அரச தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றி, அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் எரிந்தன. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் வெளியே அவற்றுக்குப் பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை.

பழைய நிலைகளைச் சேமிக்கும் ஸ்னப்ஷொட் இதே கட்டமைப்பில் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் நிர்வாகியின் கடவுச்சொல் களவுபோனால், பூட்டிப் பாதுகாக்கப்படாத ஸ்னப்ஷொட்டையும் திருடன் அழித்துவிடுவான். கிளவுடுக்கு அனுப்பலாமே என்றால், டொலரில் வரும் மாதக் கட்டணம் 2022இல் ரூபாய் சரிந்த பிறகு சிறு வியாபாரிக்கு எளிதல்ல. கழற்றி வைத்த தட்டு ஒரு நாள் பழையது என்ற ஆட்சேபம் இவை எல்லாவற்றிலும் வலுவானது. மருத்துவமனைக்கு அந்த ஒரு நாளும் பெரிது. அங்கே இரண்டு ஏற்பாடும் வேண்டும். அரிசி ஆலையோ புடவைக் கடையோ ஒரு நாள் கணக்கைப் பில் புத்தகத்தைப் பார்த்து மறுபடி ஏற்றிவிடலாம், மூன்று மாதக் கணக்கை முடியாது.

வேறு ஊர் என்று நான் வற்புறுத்தக் காரணம் இந்த அம்பாறை மாவட்டமே. 2004 சுனாமியில் இங்கே 10,000க்கும் அதிகமானோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது கரையில் வீடுகளோடு காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் போயின. இறக்காமம் கரையிலிருந்து உள்ளே, வயல்களும் குளமும் சூழ்ந்த ஊர். கல்முனை நிறுவனத்தின் தட்டு அங்கே இருப்பது நியாயம். இறக்காமத்தவர்களுக்கோ மாரி வெள்ளம்தான் பயம், அவர்கள் மேட்டுநிலம் தேட வேண்டும். ஊர் விட்டு ஊர் போகும் தட்டில் வாடிக்கையாளர் விபரம் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விபரங்களைப் பற்றியதே. ஆகவே தட்டைக் குறியாக்கம் செய்து, திறவுகோலை அதோடு வைக்காமல் வேறொருவரிடம் கொடுத்து, மாதம் ஒருமுறை வேறு கணனியில் திறந்து பார்த்துவிட வேண்டும்.